உலர்மலர்ப் படக்கலை மனத்துயரைத் தணிக்குமா?

கேள்வி (குன்னூர்):
கணவரை இழந்தபின் உறக்கமின்றித் தவிக்கும் என் அக்காவுக்கு, இலைகளையும் பூக்களையும் உலர்த்தித் தாளில் ஒட்டிப் படமாக்குவது ஆறுதல் தருகிறது. ஆனால், மழைக்கால ஈரத்தில் அவை பூஞ்சணம் பிடித்துவிடுவதால் மிகவும் வருந்துகிறார். என்ன செய்யலாம்?

மறுமொழி (கோத்தகிரி):
சகோதரி, செய்தித்தாள்களுக்கிடையே வைத்துக் கனமான புத்தகங்களை ஏற்றி, முதல் வாரம் நாள்தோறும் தாளை மாற்றச் சொல்லுங்கள். சதைப்பற்றுள்ள பூக்களைவிட, விரைவில் உலரும் பெரணி இலைகளே தொடக்கத்திற்கு ஏற்றவை.

மறுமொழி (கொடைக்கானல்):
அக்கா வரையவும் முயலட்டும். இலையின் நரம்பு எங்கே கிளைக்கிறது, விளிம்பு எப்படி மடிகிறது என்று கண்ணூன்றிப் பார்க்கும்போது, ஓயாமல் சுழலும் நினைவு சற்று நேரம் ஓரிடத்தில் நிற்கிறது; படத்தின் அழகைவிட அந்தப் பார்வையையே நான் பெரிதாக மதிக்கிறேன். காட்டில் எதையும் பறிக்க வேண்டாம். 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சியைத் தொடவே கூடாது. வேலியோரத்து உண்ணிச்செடியை வேண்டுமளவு எடுக்கலாம், அது அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்து இங்கே பரவிய களை.

மறுமொழி (உதகை):
உறக்கமின்மை நீடித்தால் மருத்துவரை அவசியம் பாருங்கள். அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416இல் தமிழிலேயே பேசலாம்; படக்கலையும் உடன் தொடரட்டும்.