அறைக்குள் மிளகாய் வளர்த்தவர்களே, இன்னும் மனசில் உறுத்துவது எது?

கவட்டைப்பூ:

நானே ஆரம்பிக்கிறேன். நாலுக்கு ரெண்டு அடி டென்ட் (செடி வளர்க்கிற, ஜிப் வைத்த துணிக்கூடாரம்), 200 வாட் எல்இடி பேனல், கோகோபீட் கலவையில் ஆறு செடி, எல்லோரும் வைத்திருக்கிற செட்டப்தான், விளக்க ஒன்றுமில்லை. எழுபதாவது நாள் செடி முழுக்கப் பூ. கவட்டைக்கு ஒரு பூ என்று எண்ணி முடியவில்லை. அந்த டென்ட் நான் தூங்குகிற அறையிலேயே இருந்தது, எக்ஸாஸ்ட் ஃபேன் சத்தம் தாங்காமல் மூன்று ராத்திரி அதை நிறுத்திவிட்டுப் படுத்தேன். மூன்றே ராத்திரி.

நாலாவது நாள் காலையில் ஜிப்பைத் திறந்தேன். திறந்த அசைவுக்கே பூ விழுந்தது. கறுப்பு பிளாஸ்டிக் தட்டில் விழும்போது பொட், பொட் என்று சின்னதாக ஒரு சத்தம். குனிந்து ஒன்றை எடுத்துப் பார்த்தேன். இதழ் வெள்ளையாக, வாடாமல், அப்போதுதான் மலர்ந்தது போல இருக்கிறது. காம்பு மட்டும் முட்டி இருக்கிற இடத்தில் மஞ்சளாகி, யாரோ நகத்தால் கிள்ளியது போல சுத்தமாகக் கழன்றிருக்கிறது. தட்டில் கிடந்ததை எண்ணினேன், 61.

அடுத்த பூ வந்தபோது ஃபேனை நிறுத்தவே இல்லை, தினமும் காலையில் மகரந்தம் உதிரட்டும் என்று எலெக்ட்ரிக் டூத்பிரஷ் பின்பக்கத்தைக் காம்பில் வைத்து அதிர வைத்தேன். காய்த்தது, நன்றாகவே காய்த்தது. ஆனால் ரெண்டையும் ஒரே நேரத்தில் மாற்றியதால் எது காரணம் என்று இன்றுவரை தெரியவில்லை. சூடா, ஈரமா, மகரந்தம் உதிராததா? மூன்று வருடம் ஆகிவிட்டது, இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

வேர்முடிச்சு:

ப்ரோ, மூன்றும் இல்லை. உங்களுக்கு நைட்ரஜன் அதிகம். எழுபது நாளில் எண்ண முடியாத அளவு பூ என்றால் இலை என்ன அளவு இருந்தது? உள்ளங்கை அளவில் கரும்பச்சையாக இருந்திருந்தால் நான் சொல்வது சரி. பூ வருகிற கட்டத்திலும் வளர்ச்சிக்கான உரத்தையே ஊற்றிக்கொண்டிருந்தால் செடி இலைதான் போடும், பூவை வைத்துக்கொள்ளாது. ஃபேன் மேல் பழி போடாதீர்கள்.

என் கதைக்கு வருகிறேன். நான் தண்ணீரிலேயே வளர்க்கிறவன், வாளியும் ஏர் பம்பும்தான். புது இலை மஞ்சளானது, நரம்பு மட்டும் பச்சை. கால்சியம் மெக்னீசியம் ஊற்றினேன். சரியாகவில்லை. இரும்புச் சத்து ஊற்றினேன். இன்னும் மோசம். தினமும் மீட்டரில் பிஹெச் (புளிப்பு அளவு, குறையக் குறையப் புளிப்பு அதிகம்) பார்த்து 6.0 என்று வருகிற வரை அமிலம் சொட்டுவேன், அதில் மட்டும் நான் கில்லாடி என்று நினைப்பு. ஒரு நாள் ஏதோ தோன்றி, மீட்டரோடு வந்த 7.0 பஃபர் பாக்கெட்டை (மீட்டர் சரியா என்று பார்க்கிற தூள், 7.0 காட்ட வேண்டும்) கலந்து அதில் முக்கினேன். திரையில் 8.6 காட்டியது. கழுவினேன், துடைத்தேன், மறுபடி முக்கினேன், 8.6. ஆக, நான் 6.0 என்று நினைத்து ஊற்றிய தண்ணீர் நிஜத்தில் 4.4 பக்கம். ஒரு மாதமாக வேரைப் புளிப்பில் ஊறப் போட்டிருக்கிறேன். வாளி மூடியைத் தூக்கினேன், வேர் தேநீர் நிறத்தில் இருந்தது, விரலில் இழுத்தால் தோல் கழன்று உள்ளே நூல் மாதிரி ஒரு நரம்பு மட்டும் நின்றது. அந்த வழவழப்பு இன்னும் விரலில் இருக்கிறது.

மீட்டர் கெட்டது என் தப்புதான். கழுவிக் காயவைத்து டப்பாவில் போட்டு வைப்பேன். அந்தக் கண்ணாடி முனை காயவே கூடாதாம், ஸ்டோரேஜ் திரவத்தில் இருக்க வேண்டும். காய்ச்சி வடித்த நீரிலும் வைக்கக் கூடாது, அதுவும் முனையைக் கெடுக்கும்.

தூக்கம்போச்சு:

வேர்முடிச்சு அண்ணா, பூ உதிர்வு என்றாலே நைட்ரஜன் என்று நீங்கள் எல்லா இடத்திலும் சொல்கிறீர்கள். ராத்திரி வெப்பம் 24, 25க்கு மேல் நின்றாலே மிளகாய் பூவைக் கழற்றும், பகலில் 32 தாண்டினாலும் அப்படித்தான். மூடிய டென்ட்டில் ஈரப்பதம் ஏறினால் மகரந்தம் பிசுபிசுத்து உதிராது. கவட்டைப்பூ சொன்ன மூன்று காரணமும் ஒரே ஃபேனில் வந்து நிற்கிறது, இதில் பிரித்துப் பார்க்க என்ன இருக்கிறது?

எனக்கு உறுத்துவது வேறு. நுனி இலை சுருண்டது, கீழ்நோக்கி, கவிழ்த்த படகு மாதிரி. இலை தடித்து, அடிப்பக்கம் எண்ணெய் பூசியது போல பளபளப்பு. கேட்டவர்களில் ஒருவர் கால்சியம் குறைவு என்றார், ஒருவர் வைரஸ் என்றார், ஒருவர் விளக்கைத் தூக்கு என்றார். விளக்கைத் தூக்கினேன், உரத்தை மாற்றினேன், தண்ணீரை மாற்றினேன், கடைசியில் வைரஸ்தான் என்று முடிவு கட்டி நாலு செடியைப் பிடுங்கி எறிந்தேன். ஐந்தாவதைப் பிடுங்குவதற்கு முன் ஒரு நுனியைக் கிள்ளி, 60 மடங்கு பெரிதாக்கும் சின்ன மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு ஒரு முட்டை, கண்ணாடி மணி மாதிரி, அதன் மேல் வரிசையாக வெள்ளைப் புள்ளி, யாரோ ஊசியால் குத்திக் குத்தி வைத்த மாதிரி. அதற்குப் பக்கத்தில் ஒன்று நகர்ந்தது. கண்ணை எடுத்துவிட்டேன். முரணைச் சிலந்தி, நுனியில் சாறு உறிஞ்சுகிற நுண்ணிய பூச்சி. கண்ணுக்குத் தெரியாத ஒன்றுக்காக நல்ல செடி நாலைக் கொன்றிருக்கிறேன் (சரி, நல்ல செடி இல்லை, ஆனால் காப்பாற்றியிருக்கலாம்).

அந்த ஐந்தாவது செடி பிழைத்தது. நனையும் கந்தகம் அடித்தேன், ஐந்து நாள் இடைவெளியில் மூன்று முறை, விளக்கு அணைந்த பிறகு. வேப்பெண்ணெய் அடித்தவர்கள் ரெண்டு வாரத்துக்குக் கந்தகம் பக்கம் போகாதீர்கள், ரெண்டும் சேர்ந்தால் இலை கருகும்.

பழையவிதை:

என் அனுபவம் சின்னது. கத்தரியும் தக்காளியும் மிளகாயும் ஒரே விளக்கின் கீழ் வைத்திருந்தேன். டைமர் கெட்டுப் போய் இருபத்துநாலு மணி நேரமும் எரிந்தது, நல்லதுதானே, சீக்கிரம் வளரட்டும் என்று விட்டுவிட்டேன். ரெண்டு வாரத்தில் தக்காளி இலை வெளுத்துத் திட்டுத் திட்டாக மஞ்சள், கத்தரியும் அப்படியே. மிளகாய் மட்டும் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. அவ்வளவுதான்.

ஆனால் இங்கே பேசுகிறவர்கள் யாருமே வெளிச்சத்தை எப்படி அளப்பது என்று சொல்லாததால் சொல்கிறேன். வாட்டைச் சொல்லாதீர்கள். 200 வாட், 300 வாட் என்பதெல்லாம் மின்சாரக் கட்டணத்துக்குத்தான் உதவும். இலை மேல் எவ்வளவு விழுகிறது என்பதுதான் கணக்கு, அதை நொடிக்கு ஒரு சதுர மீட்டருக்கு இத்தனை மைக்ரோமோல் (ஒளித்துகள் எண்ணிக்கை, பத்து லட்சம் சேர்ந்தால் ஒரு மோல்) என்று அளக்கிறார்கள். நாற்றுக்கு 150, 200 போதும். காய்க்கிற செடிக்கு 400க்குக் குறையாமல் இருந்தால் நல்லது. இதை நேரத்தோடு பெருக்க வேண்டும். 400 என்றால், 16 மணி நேரம் எரிந்தால், 3600ஆல் பெருக்கிப் பத்து லட்சத்தால் வகுத்தால் 23 மோல் வருகிறது, ஒரு நாளைக்கு. மிளகாய்க்கு 20இலிருந்து 30 வரை வைத்தால் காய்ப்பு நன்றாக இருக்கும். அதற்காக விளக்கை இறக்கி வைத்து இலையை வெளுக்க வைக்காதீர்கள், மேல் இலை குழல் மாதிரி மடங்கினால் செடி போதும் என்கிறது. அப்புறம் டென்ட்டின் நடுவில் அளந்துவிட்டு எல்லா இடமும் அப்படித்தான் என்று நினைக்காதீர்கள், மூலையில் பாதிகூட இருக்காது, அதனால் வாரத்துக்கு ஒரு முறை தொட்டிகளை ஒன்றுக்கொன்று இடம் மாற்றுங்கள். நுனி கிள்ளுவதை ஆறேழு இலை வந்ததும் செய்யுங்கள், கிளை பரந்தால்தான் வெளிச்சம் எல்லாக் கவட்டைக்கும் போகும். கவட்டையில் வருகிற முதல் பூவைக் கிள்ளி எறியச் சொன்னால் ஏன் எல்லோருக்கும் மனசு வருவதில்லை? அது காயானால் செடி அதற்கே உழைக்கும், உயரவே உயராது. சொன்னால் கேட்பதில்லை, அப்புறம் மகசூல் இல்லை என்று வந்து நிற்கிறீர்கள்.

காரசாரம்:

பழையவிதை சார், யாரும் கேட்கவில்லையே!

என்னுடையது பறிப்பில் நடந்தது. முதல் அறுவடை, நல்ல காரமான ரகம், ஒரே மாலையில் ரெண்டு கிலோவுக்கு மேல். கையுறை எதற்கு, இத்தனை வருடம் மிளகாய் நறுக்காத கையா என்று வெறுங்கையால் பறித்தேன், காய வைக்க நீளவாக்கில் கீறியும் வைத்தேன். அப்போது ஒன்றும் தெரியவில்லை. கையை சோப்புப் போட்டு நன்றாகவே கழுவினேன். ஒன்றரை மணி நேரம் கழித்து கான்டாக்ட் லென்ஸைக் கழற்றப் போனேன்.

கழற்றவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை. இமையைத் திறந்து பிடித்தால்தான் லென்ஸ் வரும், திறந்து பிடிக்கிற விரலில்தான் காரம். குழாயடியில் தலையைக் கவிழ்த்து நின்று அழுதுகொண்டே கழற்றினேன். கண் அரை மணியில் அடங்கியது, விரல் மறுநாள் வரை எரிந்தது. அந்தக் காரம் தண்ணீரில் கரையாது, முதலில் எண்ணெய் தேய்த்துத் துடைத்துவிட்டு அப்புறம் சோப்பு. தூக்கியெறிந்த அந்த லென்ஸ் ஜோடியை நினைத்தால் இப்போதும் கண் கலங்குகிறது, வேறு காரணத்துக்காக.

ஈரக்கை:

எல்லோரும் செடி செத்த கதை சொல்கிறீர்கள். நான் சாகவிருந்த கதை சொல்கிறேன். பேனல், ஹீட்டர், ரெண்டு ஃபேன், ஏர் பம்ப், எல்லாம் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில், அது தரையில், தொட்டிக்குப் பக்கத்தில். ஒரு ராத்திரி மீன் கருவாடு மாதிரி ஒரு வாசனை. உரம் கெட்டுவிட்டது என்று வாளி வாளியாக முகர்ந்துகொண்டிருக்கிறேன், அரை மணி நேரம். கடைசியில் மண்டியிட்டபோது முழங்கால் பாக்ஸில் பட்டது. சுட்டது. ஹீட்டர் பிளக் செருகியிருந்த ஓட்டையைச் சுற்றி வெள்ளை பிளாஸ்டிக் பழுப்பாகி, லேசாக வழிந்து உறைந்திருந்தது, மெழுகு மாதிரி. பிளக் உருகும்போது மீன் வாசனைதான் வரும் என்று அன்றைக்குத்தான் தெரியும்.

இப்போது ஹீட்டர் தனி சாக்கெட்டில். பாக்ஸ் சுவரில், இடுப்பு உயரத்தில். ஒவ்வொரு ஒயரும் பிளக்குக்குக் கீழே ஒரு தொங்கல் விட்டு மேலே ஏறுகிறது, தண்ணீர் வழிந்தால் அந்தத் தொங்கலில் சொட்டட்டும். பழையவிதை சாரின் மோல் கணக்கெல்லாம் சரிதான், ஆனால் 24 மணி நேரமும் விளக்கு எரிந்தபோது அவர் பிளக்கைத் தொட்டுப் பார்த்தாரா என்று மட்டும் கேட்டுச் சொல்லுங்கள்.

பழையவிதை:

தொட்டுப் பார்க்கவில்லை. டைமர் கெட்டது என்றேனே, அதைக் கழற்றியபோது அதன் பிளக் கால் ஒன்று கறுத்திருந்தது. அதை அன்றைக்கு நான் யோசிக்கவில்லை.

கவட்டைப்பூ:

வேர்முடிச்சு சொன்னதற்காகப் பழைய ஃபோனைத் தேடி எடுத்து சார்ஜ் போட்டேன். அன்றைக்குக் காலையில் எடுத்த படம் ஒன்று இருக்கிறது. தட்டில் கிடக்கிற பூவைத்தான் எடுத்திருக்கிறேன், ஆனால் ஓரத்தில் ஈரப்பதக் கருவி விழுந்திருக்கிறது, பெரிதாக்கிப் பார்த்தால் 29 டிகிரி, 91 சதவீதம். இலை பெரிதுதான், ஒப்புக்கொள்கிறேன், கரும்பச்சைதான்.

ஆனால் இதையும் பாருங்கள். ஜிப் பக்கம் இருந்த செடி, படத்தில் பாதிதான் தெரிகிறது, அதில் பூ அப்படியே இருக்கிறது. ஜிப்பைக் கீழே ஒரு சாண் திறந்து வைத்துத்தான் தூங்குவேன், அறை மின்விசிறி காற்று கொஞ்சம் அந்தப் பக்கம் போகும். ஆறு செடிக்கும் ஒரே உரம், ஒரே வாளி. இத்தனை நாள் இந்தப் படத்தில் தட்டை மட்டும் பார்த்திருக்கிறேன்.

வேர்முடிச்சு:

அந்தச் செடியின் இலை மற்ற ஐந்தை விட சின்னதா இல்லையா? படத்தைப் போடுங்கள், அப்புறம் பேசலாம்.