புதுப்பிப்பு: சத்ரியா இன்ஜின் கிரேங்க் பேலன்ஸ் முடிந்தது

என் புரோட்டோன் சத்ரியா காரின் 4ஜி93 இன்ஜினை ரேஸுக்குக் கட்டும்போது கிரேங்கை (பிஸ்டன்களின் மேல்-கீழ் ஓட்டத்தைச் சுழற்சியாக மாற்றும் தண்டு) பேலன்ஸ் செய்யணுமா என்று போன பதிவில் கேட்டிருந்தேன். "நாலு சிலிண்டருக்கு எதுக்கு வீண் செலவு" என்றுதான் பலர் சொன்னீர்கள். செய்துவிட்டேன். சுங்கை சிப்புட்டில் அந்த வசதி கிடைக்கவில்லை, ஈப்போவுக்குக் கொண்டுபோனேன்.

நேர்வரிசை நாலு சிலிண்டர் கிரேங்குக்கு, வி8-க்கு மாட்டுவதுபோல பாப்வெயிட் (பிஸ்டன், ராட் எடைக்கு ஈடாக வைக்கும் போலி எடை) மாட்டத் தேவையில்லை, அது உண்மை. ஆனால் ராடுகளின் (பிஸ்டனை கிரேங்கோடு இணைக்கும் கம்பிகள்) எடை ஒன்றுக்கொன்று ஒத்திருக்கணும். பட்டறை அண்ணன் ராடின் ஒரு முனையைத் தொங்கவிட்டு, மறுமுனையைத் தராசில் வைத்தார். கிரேங்க் பக்கப் பெரிய முனை தனி, பிஸ்டன் பக்கச் சின்ன முனை தனி. இருப்பதிலேயே லேசான ராடுக்குச் சமமாக மற்ற மூன்றையும் தேய்த்தார். பிறகு கிரேங்கைச் சுழலவிட்டு, கனம் கூடிய கவுண்டர்வெயிட்டில் (கிரேங்கிலேயே இருக்கும் எதிர் எடை) துளை போட்டார். ஃப்ளைவீல், கிளட்ச் கவரோடு மறுபடி ஓட்டிப் பார்த்து, குறி போட்டுத் தந்தார். கழற்றினால் அதே குறியில்தான் மாட்டணும்.

1 கிராம்தானே என்று விட்டுவிடாதீர்கள். இந்த இன்ஜினின் ஸ்ட்ரோக் (பிஸ்டன் மேலிருந்து கீழே போகும் தூரம்) 89 மி.மீ.; ராட் மாட்டும் கிரேங்க் பின் அதில் பாதித் தூரத்தில் சுற்றும். கிரேங்க் பின் தூரத்தில் 1 கிராம் கூடினால், 7,500 ஆர்பிஎம்மில் ஏறக்குறைய 2.8 கிலோ எடைக்குச் சமமாக இழுக்கும். வேகம் இரட்டித்தால் இழுப்பு நான்கு மடங்கு. அடி வாங்குவது கிரேங்கைத் தாங்கும் மெயின் பேரிங்.

கிரேங்க் வேகத்தைப் போல இரு மடங்கில் வரும் அதிர்வு மட்டும் இதில் போகாது. அது நாலு சிலிண்டரின் பிறவிக் குணம், அதற்கு பேலன்ஸ் ஷாஃப்ட் (அந்த அதிர்வுக்கு எதிராகச் சுழலும் தனித் தண்டு) வேணும்.

டர்போ போடப்போகிற தம்பிகளே, பிஸ்டன், ராட் வாங்கும் பட்ஜெட்டிலேயே இதையும் சேர்த்துவிடுங்கள்.