ஐம்பது கிராம் பால்மா, பாதித் தேங்காய்

2022இல் இலங்கையில் வந்த பொருளாதார நெருக்கடியின் பெற்றோல் வரிசை, கேஸ் வரிசைக் கதைகளை எல்லாரும் எழுதிவிட்டீர்கள். நானும் நின்றவள்தான், அதை விடுங்கள். 2022 என்றதும் எனக்கு ஞாபகம் வருவது கொழும்பு கொட்டாஞ்சேனையில் எங்கள் ஒழுங்கை முனைக் கடையில் எரிந்த மெழுகுதிரி.

அந்த மார்ச்சில் 400 கிராம் பால்மா பைக்கற் 790 ரூபாய் ஆனது. முழுதாக வாங்க ஆளில்லை. கடைக்கார அண்ணன் பைக்கற்றை உடைத்து, ஐம்பது ஐம்பது கிராமாக நிறுத்து, சின்னப் பொலித்தீன் பைகளில் போடுவார். பையின் வாயை மடித்து மெழுகுதிரிச் சுடரின் ஓரத்தில் ஒரு இழுப்பு. ஒட்டிக்கொள்ளும். கொஞ்சம் பிந்தினால் ஓட்டைதான். மாதக் கடைசியில் ஒருநாள் 13 மணி நேரம் கரண்ட் இல்லை. அன்று கடைக்கு வெளிச்சமும் அதே மெழுகுதிரிதான்.

ஒரு பை 110 ரூபாய். நான் சும்மா இருக்காமல், "கணக்குப் பார்த்தால் 99தானே வருது?" என்று கேட்டேன்.

"கணக்கு சரிதான் மிஸ். பை யாரு தருவா? மெழுகுதிரி யாரு தருவா? தராசில சிந்துறத யாரு தருவா?"

மூன்றுக்கும் என்னிடம் பதில் இல்லை. இரண்டு பை வாங்கிக்கொண்டு வந்தேன்.

அப்புறம் அவர் கடன் கொப்பியை எடுத்து உள்ளே வைத்துவிட்டார். எனக்குக் கோபம்தான், பத்து வருடக் கொடுக்கல் வாங்கல். ஆனால் அவர் நிலை வேறு. மார்ச் தொடக்கத்தில் இருநூறு ரூபாயளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டது. பருப்பு, சீனி எல்லாம் கப்பலில் வருகிற சாமான். போன கிழமை விற்ற காசைக் கொண்டு மொத்தக் கடைகள் இருக்கிற புறக்கோட்டை ஐந்தாம் குறுக்குத் தெருவுக்குப் போனால் அதே மூட்டையை வாங்க முடியாது. மாதம் முடிந்து நான் கடனை அடைக்கும்போது அவருக்கு அரை மூட்டைதான் மிஞ்சும்.

செப்டெம்பரில் கொழும்பின் உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம் என்று செய்தியில் சொன்னார்கள். அவரிடம் சொன்னேன். "நூறுக்கு வாங்கினது இருநூறு. இதுக்கு எதுக்கு மிஸ் புள்ளி?" என்றார்.

இரண்டு வருடம் கழித்து, 2024 செப்டெம்பரில் பணவீக்கம் பூச்சியத்துக்கும் கீழே போய்விட்டதாம். சரி, சந்தோஷம். ஏறின விலைகளில் முக்கால்வாசி ஏறின இடத்திலேயே குந்தியிருந்தன. அந்த வருடக் கடைசியில் தேங்காய் வேறு இருநூறு ரூபாயாகிவிட்டது. எங்கள் கடையில் பாதித் தேங்காய் வியாபாரம் தொடங்கியது அப்போதுதான். ஆனால் பாதி கேட்டு ஒருவர் வந்தால், மற்றப் பாதிக்கு இன்னொருவர் வரும்வரை அண்ணன் உடைக்கமாட்டார்.

ஒருநாள் பின்னேரம் நான் போனபோது வயதான அம்மா ஒருவர் வாசல் படியில் இருந்தார். என்னைக் கண்டதும் அண்ணன் கத்தியைக் கையில் எடுத்துவிட்டார்.

"மிஸ், மற்றப் பாதி எடுப்பீங்கதானே?"

நான் வந்தது முட்டைக்கு. தலையாட்டினேன். தேங்காய் உடைந்ததும் அந்த அம்மா எழுந்து வந்து இரண்டு பாதியையும் கையில் தூக்கிப் பார்த்தார்.

"தம்பி, எனக்குக் கண் இல்லாத பாதியைத் தாங்கோ. அதுதான் நாளைக்கும் கிடக்கும்."

கண் பாதி எனக்கு. அன்றிரவே சம்பல் இடித்துவிட்டேன்.