தென்சென்னையில் வீடு வாங்கியோர்: இரண்டு அனுபவப் பகிர்வுகள்

மடிப்பாக்கத்திலிருந்து:

வீடு பார்க்க நாம் பெரும்பாலும் கோடை விடுமுறையில்தான் கிளம்புகிறோம். விற்பவருக்கும் அதுவே வசதி. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைச் சுற்றியுள்ள தெருக்கள் சித்திரை வெயிலில் எல்லாமே மேட்டு நிலமாகத்தான் தெரியும். கீழ்க்கட்டளை, நாராயணபுரம், செம்பாக்கம் ஏரிகளின் உபரிநீர் இச்சதுப்பில் சேர்ந்து, ஒக்கியம் மடுவு என்னும் நீர்வழியாகப் பக்கிங்காம் கால்வாயை அடைந்து, முட்டுக்காட்டில் கடலில் கலக்க வேண்டும். பெருமழை நாளில் அந்த நீரைக் கடல் உள்வாங்காவிட்டால் அது நம் தெருவில் தேங்கி நிற்கும். 2022-ல் இச்சதுப்பு உலக முக்கியத்துவம் வாய்ந்த சதுப்பு நிலங்களின் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றதைப் பெருமையாகச் சொல்லும் தரகர்கள் இதைச் சொல்வதில்லை.

எங்களுக்குக் காட்டிய ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் சுற்றுச்சுவருக்குப் புது வண்ணம் பூசியிருந்தார்கள். ஆனால் தரைத்தளத்து மின்மீட்டர்கள் எல்லாம் ஏணி போட்டுப் பார்க்கும் உயரத்தில் இருந்தன. எதிரே வண்டியில் இஸ்திரி போடும் பெரியவரிடம் காரணம் கேட்டேன். "முன்ன இடுப்பு உயரத்துலதான் சார் இருந்துச்சு. 2015 வெள்ளத்துல முழுகினப்புறம் மேல ஏத்திட்டாங்க. 2023 புயலுக்கும் இங்க படகுதான் ஓடுச்சு" என்றார்.

அதே வீட்டின் தாய்ப்பத்திரம், பட்டா, முப்பது ஆண்டு வில்லங்கச் சான்று, சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) அனுமதி ஆகியவற்றைப் பார்த்த வழக்கறிஞர் ஒரு குறையும் இல்லை என்றார். அவர் சொன்னதும் சரியே. நிலம் யாருடையது என்று பத்திரம் சொல்லும், தண்ணீர் எதுவரை வந்தது என்று சொல்லாது. அந்த வீட்டை விட்டுவிட்டு, சற்று மேடான தெருவில், கீழே வண்டி நிறுத்துமிடம் மட்டும் உள்ள கட்டடத்தில் முதல் தளத்தை வாங்கினோம். பழைய வீடு என்பதால் முத்திரைத் தீர்வை 7 விழுக்காடு, பதிவுக் கட்டணம் 2 விழுக்காடு ஆயிற்று.

கொட்டிவாக்கத்திலிருந்து:

எங்கள் பக்கம் வெள்ளத்தைவிட உப்புதான் தொல்லை. கடலுக்கும் பக்கிங்காம் கால்வாய்க்கும் இடைப்பட்ட இந்த மணற்பாங்கான நிலத்தில் மழைநீர் இறங்கி, உப்புநீரின் மேல் நன்னீராக மிதந்து நிற்கிறது. ஆழமாக போர் போட்டு அளவுக்கு மீறி உறிஞ்சினால் கடல்நீர் உள்ளே ஏறிவிடும். ஆகவே 'நல்ல போர் தண்ணீர்' என்று விளம்பரத்தில் இருந்தால், வைகாசியில் ஒரு குவளை வாங்கி வாயில் வைத்துப் பாருங்கள். மொட்டைமாடியில் ஏசியின் வெளிப்பெட்டிகளையும் பார்க்கச் சொல்வேன்; நான் பார்த்த ஒன்றில் தாங்குசட்டம் விரலால் தொட்டதும் செதில் செதிலாக உதிர்ந்தது. ஜன்னல் கம்பிக்கு ஆண்டுதோறும் வண்ணம் பூசுவது இங்கே வாடிக்கையான செலவு.

கடலை ஒட்டிய மனையானால் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகளையும் பார்க்க வேண்டும். உயர்அலைக் கோட்டிலிருந்து (கடல் ஏற்றத்தின்போது நீர் எட்டும் எல்லை) 500 மீட்டர் வரை அவை பொருந்தும். எதிர்காலத்தில் இடித்துக் கட்டும்போது கிடைக்கும் பரப்பு அதைப் பொறுத்தது என்பதால், பழைய வீட்டின் பிரிபடாத நிலப்பங்கை (குடியிருப்பின் மொத்த மனையில் அவ்வீட்டுக்கு உரிய பங்கு) நம்பி அதிக விலை கொடுப்பவர்கள் இதை முன்கூட்டியே விசாரிப்பது நல்லது.

2019 கோடையில் நகரமே லாரிக்குக் காத்திருந்தபோது எங்கள் குடியிருப்பிலும் வாளிக்கணக்கில்தான் தண்ணீர் பங்கிட்டோம். நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் இரண்டாவது ஆலை 2024-ல் வந்தபின் நிலைமை ஓரளவு தேவலை. ஆனாலும் முன்பணம் கொடுக்குமுன் குடியிருப்போர் சங்கத்திடம் சித்திரை, வைகாசி மாதங்களின் லாரித் தண்ணீர் ரசீதுகளைக் கேட்டு வாங்குங்கள். மாதப் பராமரிப்புத் தொகை என்று அவர்கள் சொல்வதில் அச்செலவு பெரும்பாலும் சேர்ந்திருக்காது.