சுண்டுவிரல் மரத்தது, கோளாறு முழங்கையில்: உங்களுக்கும் நடந்திருக்கிறதா?

ரங்கூன் டாக்சிக்காரன்:
போன மழைக்காலத்தில் ஒருநாள் காலையில் என்னால் லுங்கி முடிச்சுப் போட முடியவில்லை. சிரிக்காதீர்கள். இந்த ஊரில் ஓர் ஆம்பிளை ஒரு நாளைக்கு எத்தனை தடவை லுங்கியை அவிழ்த்து இழுத்துச் செருகுகிறான் என்று எண்ணிப் பாருங்கள், நடுத்தெருவில் வலதுகைப் பிடி நழுவினால் கதி என்ன என்பது புரியும். அதற்கு ரெண்டு மாசம் முன்பிருந்தே சுண்டுவிரலும் மோதிரவிரலில் பாதியும் மரத்துக்கொண்டிருந்தன. பாதி என்றால் கோடு போட்ட மாதிரி பாதி, சுண்டுவிரல் பக்கம் மட்டும். வீட்டில் சர்க்கரை என்றார்கள். ஒரு கிளினிக்கில் கழுத்தை எக்ஸ்ரே எடுத்து, தேய்மானம் என்று பட்டை மாட்டிவிட்டார்கள். அந்தப் பட்டையோடு ஒரு மாசம் வண்டி ஓட்டினேன், பக்கத்தில் வரும் பஸ்ஸைத் திரும்பிப் பார்க்க முடியாமல்.

அப்புறம் வேறொரு டாக்டரிடம் போனேன், வயசான பர்மாக்கார அம்மா. அந்தச் சயாமா (டாக்டரம்மாவை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம்) படம் எதுவும் கேட்கவில்லை. ஒரு ஆயிரம் கியாட் நோட்டை நீட்டி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலின் பக்கவாட்டுக்கும் நடுவில் இறுக்கிப் பிடி என்றார், மறுமுனையைப் பிடித்து இழுத்தார். இடதுகையில் கட்டைவிரல் நேராக நின்றது. வலதுகையில் அதன் நுனிக் கணு தானாக மடங்கிக்கொண்டது, நோட்டும் போய்விட்டது. பிறகு முழங்கையின் உட்பக்க மேட்டுக்குப் பின்னால் விரலால் லேசாகத் தட்டினார். சுண்டுவிரல் நுனி வரை சுரீர் என்று ஓடியது. "வண்டி ஓட்டும்போது இந்தக் கையை எங்கே வைப்பாய்?" என்று அடுத்த கேள்வி.

எங்கே வைப்பேன், ஜன்னல் விளிம்பில்தான்! இங்கே 1970இல் சாலையின் வலதுபக்கம் ஓட்ட மாற்றிவிட்டார்கள், ஆனால் ஜப்பானிலிருந்து வந்த பழைய வண்டிகளில் ஸ்டியரிங் வலதுபக்கமே இருக்கிறது. அதனால் டிரைவரின் வலது ஜன்னல் நடைபாதை ஓரம், எதிர்வண்டி உரசும் பயம் கிடையாது, முழங்கையை மடக்கி ஹாயாகச் சாய்த்து நாளெல்லாம் போகலாம். போனேன், பதினெட்டு வருஷம்.

முழங்கையை இடித்தால் ஷாக் அடிக்கிறதே, அது எலும்பு அல்ல, அல்னார் நரம்பு. கழுத்திலிருந்து இறங்கி வருவது, அந்த உள்மேட்டுக்குப் பின்னால் ஒரு பள்ளத்தில் ஓடுகிறது, அந்த இடத்தில் அதற்கு மேலே சதை இல்லை, தோல்தான். கையை மடக்கினால் நரம்பு இழுபடும், மடக்கியபடி சாய்ந்தால் நசுங்கவும் செய்யும். விரல்களை விரிப்பது சேர்ப்பது போன்ற பொடி வேலை செய்யும் தசைகளில் பெரும்பாலானவை இந்த நரம்பை நம்பியிருப்பவை, அதனால்தான் முடிச்சு போனது.

வைத்தியம் என்ன தெரியுமா, துண்டு. ராத்திரி தூக்கத்தில் கை மடங்காதபடி முழங்கையைச் சுற்றித் துண்டு கட்டச் சொன்னார், ஜன்னலில் சாயக்கூடாது என்றார். குறையாவிட்டால் ஆபரேஷன் என்றும் சொல்லிவைத்தார். நாலு மாசத்தில் மரப்பு போனது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிக்கும் நடுவில் சதை குழிந்தது மட்டும் இன்னும் முழுசாக நிரம்பவில்லை. உங்கள் கதையையும் எழுதுங்கள்.

மோல்மேன் அக்கா:
தம்பி, உனக்குத் துண்டு, எனக்கு ஒரே ஒரு திருப்பு. பேத்திக்கு ரெண்டரை வயசு. கோயில் வாசலில் மழைத்தண்ணீர் தேங்கியிருந்தது, ஒரு கையைப் பிடித்து அப்படியே தூக்கித் தாண்டவைத்தேன். வீல் என்று கத்தினாள். அப்புறம் அழுகை நின்றும் அந்தக் கையை அசைக்கவே இல்லை, உடம்போடு ஒட்டித் தொங்கவிட்டுக்கொண்டு பிஸ்கட்டை மற்ற கையால் வாங்கினாள். கையை ஒடித்துவிட்டேன் என்றே நினைத்தேன், மருமகள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

டாக்டர் முழங்கையின் வெளிப்பக்கம் கட்டைவிரலை வைத்தார், உள்ளங்கையை மேலே பார்க்கத் திருப்பி, கையை மடக்கினார். க்ளிக். அவ்வளவுதான். கொஞ்ச நேரத்தில் அதே கையால் அவர் பேனாவைப் பிடுங்கினாள். முன்கையில் இருக்கும் ரெண்டு எலும்பில் அல்னா மேலெலும்பைக் கவ்விக்கொண்டு கதவுக் கீல் போல மடங்கும், ரேடியஸின் தலையோ வட்டமாக இருந்து ஒரு தசைநார் வளையத்துக்குள் சுழலும், உள்ளங்கையைத் திருப்ப முடிவதே அதனால்தானாம். சின்னக் குழந்தைக்கு அந்த வளையம் தளர்வு, வெடுக்கென்று இழுத்தால் எலும்புத் தலைமேல் நழுவி ஏறிக்கொள்ளும். அஞ்சு வயசுக்குமேல் அபூர்வம். ஆனால் ஒன்று, குழந்தை கீழே விழுந்து கை வலிக்கிறது என்றால் யாரும் வீட்டில் திருப்பிப் பார்க்காதீர்கள், அது முறிவாக இருக்கலாம். இப்போது பேத்தியைத் தூக்குவது அக்குளில் கைகொடுத்துத்தான்.

பெகுவிலிருந்து:
அக்கா கடைசியில் சொன்னதற்காகவே எழுதுகிறேன். என் தம்பி ஆறு வயசில் கொய்யா மரத்திலிருந்து விழுந்தான், கையை ஊன்றி. முழங்கைக்குச் சற்று மேலே முறிவு. அப்போது நாங்கள் இருந்தது கிராமம், எலும்பு கட்டும் சயா ஒருவர் எண்ணெய் தடவி மூங்கில் பத்தை வைத்து இறுக்கிக் கட்டினார். ராத்திரி முழுக்க அழுதான். விரலைத் தொட்டு நீட்டினாலே அலறினான். கட்டினால் அப்படித்தான் இருக்கும், தைரியமாக இரு என்றார் அப்பா.

வலி முறிவில் இல்லை, முன்கையில். முறிந்த இடத்தில் கைக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாய் எலும்புக்கு முன்னால் ஒட்டியே போகிறது. வீக்கம் ஒரு பக்கம், கட்டு ஒரு பக்கம், நடுவில் தசைக்கு ரத்தம் போகவில்லை. ஆறேழு மணி நேரம் அப்படி இருந்தாலே தசை சாக ஆரம்பிக்கும் என்று பிற்பாடு ஒரு டாக்டர் சொன்னார். ஃபோல்க்மன் என்ற ஜெர்மன் மருத்துவர் 1881லேயே இதை எழுதிவைத்திருக்கிறார், எங்கள் கிராமத்துக்கு அது வந்து சேரவில்லை. தம்பிக்கு இப்போது நாற்பது தாண்டிவிட்டது. மணிக்கட்டைக் கீழே மடக்கினால் அவன் விரல்கள் கொஞ்சம் விரியும், நிமிர்த்தினால் தானாக மடங்கிக்கொள்ளும், தசை கயிறு மாதிரி சுருங்கிப்போனதால். அந்தச் சயா கெட்டவர் இல்லை, காசுகூட வாங்கவில்லை. கட்டுப் போட்ட பிள்ளை விரலை நீட்டினால் துடிக்கிறதா, விரல் வெளுத்திருக்கிறதா, ஜில்லென்று இருக்கிறதா, உடனே கட்டை அவிழ்த்து ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். விடியட்டும் என்று உட்காராதீர்கள்.

பலாட்டாக் கடை:
பெகு அண்ணன் எழுதியதற்குப் பிறகு என் கதை ஒன்றுமே இல்லை. எனக்கு வந்தது டென்னிஸ் எல்போ, டென்னிஸ் மட்டையைக் கையால் தொட்டது கிடையாது. பலாட்டா, அதாவது பரோட்டா, அதற்கு மாவை வீசி அடிக்கும் வேலை. மணிக்கட்டைப் பின்னால் தூக்கும் தசைகளெல்லாம் முழங்கையின் வெளிமேட்டிலிருந்து கிளம்புகின்றன, வேலை மணிக்கட்டில், வலி இங்கே. டீக்கெட்டிலை உள்ளங்கை கீழே பார்க்கத் தூக்கினால் உயிர் போகும், மேலே பார்க்கத் தூக்கினால் ஒன்றும் இல்லை. ஊசி போட்டேன், ஆறு வாரம் சொர்க்கம், மறுபடி வந்தது. கடைசியில் வீச்சைப் பாதியாகக் குறைத்து, தண்ணீர் பாட்டிலைக் கையில் பிடித்து மணிக்கட்டை மெதுவாக இறக்கும் பயிற்சியில் சரியானது, எட்டு மாசம். மாவு வீச மச்சானை வைத்திருக்கிறேன், வட்டமாக வரவில்லை.

டாக்சிக்கு எதிர்வீட்டுப் பையன்:
எனக்கு வலி இல்லை, ஒரு வேடிக்கை மட்டும். கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் சேர்த்து மணிக்கட்டை லேசாக மடக்குங்கள், நடுவில் ஒரு நரம்பு மாதிரி புடைக்கும். அது நரம்பு இல்லை, பால்மாரிஸ் லாங்கஸ் என்ற தசையின் நாண். சிலருக்கு ஒரு கையில் இருக்காது, சிலருக்கு ரெண்டிலும். இல்லாவிட்டாலும் நஷ்டம் கிடையாது, வேறு இடத்தில் நாண் ஒட்டுப்போட டாக்டர்கள் இதைத்தான் எடுப்பார்கள். நேற்று டீக்கடையில் ஒன்பது பேர் கையை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம், ரெண்டு பேருக்கு இல்லை, ஒருவர் பயந்துவிட்டார்.

இன்னொன்று, நாம் முழம் போடுவது முழங்கையில், பர்மாக்காரர்களுக்கு முழம் தவுங், முழங்கை ததவுங். அவர்களும் இதே கையால்தான் அளந்திருக்கிறார்கள்.

ரங்கூன் டாக்சிக்காரன்:
பெகு அண்ணே, நேற்று படித்துவிட்டு வண்டியை ஓரம்கட்டிக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். தம்பியைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

பையா, எனக்கு அந்த நாண் இடதில் இருக்கிறது, வலதில் இல்லை. வீட்டம்மாவுக்கு ரெண்டிலும் இருக்கிறது. ஆனால் அவள் கவனம் முழத்தில் போய்விட்டது, மல்லிகை வாங்கப் போனால் பூக்காரம்மா கை நீளமா குட்டையா என்று பார்த்துவிட்டுத்தான் விலை கேட்கிறாள்.