ட்ரேட்-ஆஃப்க்குத் தமிழ்ல என்ன போடலாம்? வெள்ளிக்கிழமைக்குள்ள வேணும்

மொரீஷியஸ் காத்ர் போர்ன் டீச்சர் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். எங்க கொலேஜ் சயன்ஸ் கண்காட்சிக்கு தமிழ் எடுத்த பிள்ளைங்க ஒரு போர்டு போடுறாங்க, நுண்ணுயிர்ப் பரிணாமம் பத்தி. பிரெஞ்சு போர்டுல கொம்ப்ரொமினு எழுதி முடிச்சாச்சு, தமிழ்லதான் சிக்கிட்டேன். விஷயம் இதுதான், ஒரு குளுக்கோஸை ஆக்சிஜன் வச்சு முழுசா எரிச்சா செல்லுக்கு சுமார் 30 ஏடிபி (செல் செலவழிக்கிற சக்திக் காசு), நொதிக்க விட்டா 2தான். ஆனா சர்க்கரை நிறைய இருந்தா ஈஸ்ட் ஆக்சிஜன் இருக்கும்போதே நொதிக்கத்தான் செய்யும், ரம் போடுறவங்களுக்கு இது தெரிஞ்ச கதை. வேகம் வேணும்னா சிக்கனம் போகும், இப்படி ஒண்ணைப் பெற இன்னொண்ணை இழக்குறதுதான் ட்ரேட்-ஆஃப். அதுக்கு "பரிமாற்றம்"னு போட்டேன், பிள்ளைங்க பாக்டீரியா ஒண்ணுக்கொண்ணு ஏதோ குடுத்து வாங்குதுன்னு புரிஞ்சுக்கிட்டாங்க.

ரோஸ் ஹில் ஐயா எழுதியது:

அம்மா, வள்ளுவர் எப்பவோ சொல்லிட்டாரு. "அழிவதூஉம் ஆவதூஉம் ஆகி வழிபயக்கும் ஊதியமும் சூழ்ந்து செயல்." அழிவும் ஆக்கமும் சேர்ந்தா அழிவாக்கம். அப்புறம் பரிணாமம் வடசொல், அதை எடுத்துடுங்க. "கூர்ப்பும் கழிவும் உள்ளது சிறக்கும்"னு தொல்காப்பியம் உரியியல்ல இருக்கு, கூர்ப்புன்னா உள்ளது மிகுதல். பக்கத்துலயே கழிவும் நிக்குது பாருங்க. (அந்த நூற்பாவுல கழிவுக்கும் மிகுதின்னுதான் பொருள், அதைத் தனியா எழுதுறேன், அதுல கழி, கழை, கழகம் மூணுக்கும் ஒரே வேர்னு காட்டலாம்.)

போர் லூயியில இருந்து, யாழ்ப்பாணத்தார்:

கூர்ப்பு எங்களுக்குப் புதுசில்லை ஐயா, நாங்கள் பள்ளிக்கூடத்திலையே கூர்ப்பு எண்டுதான் படிச்சனாங்கள். வளர்சிதை மாற்றத்துக்கு அனுசேபம், தகவமைப்புக்கு இசைவாக்கம். அனுசேபமும் வடசொல்தான், ஆனால் ஒரே சொல்லிலை முடியுது. வளர்சிதைமாற்ற எண்டு தொடங்கி இன்னும் ரெண்டு சொல் ஒட்டினால் போர்டிலை இடம் காணாது.

ரெதுயி லேப்ல இருந்து:

ஐயா மன்னிக்கணும், அழிவாக்கம்னு பார்த்தா ஊரை அழிக்கிற வேலைன்னுதான் தோணும். கலைச்சொல்லுக்கு முன்னாடி ஒரு விஷயம் பாக்கணும். லென்ஸ்கின்னு ஒரு அமெரிக்க உயிரியலாளர் 1988ல 12 குடுவையில ஈ.கோலைங்கிற பாக்டீரியாவை கொஞ்சமா குளுக்கோஸ் குடுத்து வளர்க்க ஆரம்பிச்சாரு. 12லயும் ரைபோஸ்ங்கிற இன்னொரு சர்க்கரையைத் தின்னுற திறமை போயிடுச்சு, அந்த மரபணுத் துண்டு போனதே குளுக்கோஸ்ல வளர்றதுக்குச் சின்ன லாபமா இருந்துச்சு. இது நிஜ ட்ரேட்-ஆஃப். ஆனா வேற சில திறமைங்க சும்மா பயன்படாம, மியூட்டேஷன் சேர்ந்து சேர்ந்து கெட்டுப்போச்சு, அதுல லாபம் ஒண்ணும் இல்ல. நம்ம சொல் முதல் வகையை மட்டும்தான் பிடிக்கணும், இழப்பும் பேறும் ஒரே முடிச்சுல இருக்கணும். முடிச்சு எங்க விழுதுன்னா, செல்லுக்குப் புரதம் செய்ய ஒரு அளவுதான் வசதி, புரதம் செய்யுற ரைபோசோமைக் கூட்டுனா நொதியத்துக்கோ (என்சைம்) பட்டினி தாங்குற புரதத்துக்கோ குறையும். அப்புறம் சிக்கனமா தின்னுற செல் ஏன் ஜெயிக்கலன்னு பிள்ளைங்க கேப்பாங்க, கலக்கி வச்ச குடுவையில அது மிச்சம் வச்ச சர்க்கரையை பக்கத்து செல் தின்னுடும். ஒரே தட்டுல சாப்பிடுற அண்ணன் தம்பிங்கள்ல மெதுவா மெல்றவன் கதிதான்.

டர்பன்ல இருந்து:

எங்க சனிக்கிழமை வகுப்புப் பிள்ளைங்களுக்கு விட்டுக்கொடுப்புன்னா உடனே புரியும், அதையே வைங்களேன்?

ரெதுயி லேப்:

விட்டுக்கொடுக்க மனசு வேணுமே அண்ணே, பாக்டீரியாவுக்கு ஏது. ஈட்டிழப்புன்னு ஒண்ணு யோசிச்சேன், திருப்பிப் போட்டா இழப்பீடு, இன்ஷூரன்ஸ் கம்பெனி வாசல்ல நிக்கணும். இழந்துபெறல் எப்படி?

ரோஸ் ஹில் ஐயா:

1998ல மொரீஷியஸ் புது ரூபா நோட்டுல தமிழை ரெண்டாவது வரியில இருந்து மூணாவதுக்குத் தள்ளுனப்ப நோட்டையே திரும்ப எடுக்க வச்ச ஜனம் நாம. இன்னைக்கு புரியுமா புரியாதான்னு பயந்துக்கிட்டு சொல் தேடுறோம். புழங்கினா எதுவும் புரியும்.

யாழ்ப்பாணத்தார்:

நோட்டுக்கும் பாக்டீரியாவுக்கும் என்ன தொடுப்பு ஐயா? எனக்கு இழந்துபெறல் சரி. அனுசேப இழந்துபெறல்.

காத்ர் போர்ன் டீச்சர்:

டர்பன் அண்ணனும் சரின்னு தனியா எழுதிட்டாரு. என் பிள்ளைங்களுக்கு வீட்டுல கிரியோல்தான், ழ வராம "இலந்துபெறல்"னுதான் படிக்கிறாங்க, பரவாயில்ல. கூர்ப்பு, அனுசேபம் ரெண்டும் வேண்டாம், எங்க புத்தகத்துல பரிணாமமும் வளர்சிதை மாற்றமும்தான் இருக்கு. போர்டு பிரிண்டுக்குப் போயிடுச்சு.

ரோஸ் ஹில் ஐயா:

பிரிண்டாகட்டும். ஆனா "இழந்து" இறந்தகால வினையெச்சம், முதல்ல இழந்து அப்புறம் பெறுதுன்னு ஆகும். கிருமிக்கு ரெண்டும் ஒரே நேரத்துலதானே நடக்குது? வளர்சிதை மாதிரி வினைத்தொகையா இருந்தா முக்காலமும் அடங்கும். "கொள்விடல்"னு வச்சுப் பாருங்க. கழகம் பத்தின கடிதம் நாளைக்கு அனுப்புறேன்.