கரியமில வாயு பாயும் ஷெல்டருக்குள் வேலை: பேனலில் நிறுத்தினால் போதுமா?

கேள்வி:
வணக்கம். ஜெனரேட்டரும், மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் சுவிட்ச்கியரும் உள்ள எங்கள் மூடிய இரும்பு ஷெல்டரில், தீப்பிடித்தால் கரியமில வாயு தானாகப் பாயும் அமைப்பு உள்ளது. பராமரிப்புக்கு உள்ளே செல்லுமுன் அதன் கட்டுப்பாட்டுப் பேனலில் தானியங்கி நிலையை நிறுத்திவிடுகிறோம். குழாயில் உள்ள வால்வையும் மூடிப் பூட்ட வேண்டும் என்கிறார் புதிய பாதுகாப்பு அலுவலர். சைரன் ஒலித்து 30 விநாடி கழித்துத்தானே வாயு வரும்? ஆறு மீட்டர் அறையிலிருந்து வெளியேற அது போதாதா?

மறுமொழி 1:
அவர் சொல்வதே சரி. 1998 ஜூலை 28 அன்று, அமெரிக்காவின் ஐடஹோ தேசிய ஆய்வக வளாகத்தில் மின் பராமரிப்புக்காக 13 பேர் ஒரு கட்டடத்துக்குள் இருந்தபோது, வாயு அமைப்பு மின்னணு முறையில் மட்டுமே நிறுத்தப்பட்டிருந்தது; குழாய் அடைக்கப்படவில்லை. மின்சாரத்தைத் துண்டிக்க பிரேக்கர்களைத் திறந்துகொண்டிருந்த வேளையில் எச்சரிக்கை ஒலி ஏதுமின்றி வாயு பாய்ந்தது. ஒருவர் இறந்தார், பலர் கடுமையாகப் பாதிக்கப்பட்டனர். நீங்கள் நம்பியிருக்கும் அந்த 30 விநாடி அவர்களுக்குக் கிடைக்கவே இல்லை. தீயை அணைக்க அறையில் குறைந்தது 34 விழுக்காடு வாயு தேவை. மனிதருக்கோ 10 விழுக்காட்டைத் தாண்டினாலே சில நிமிடங்களுக்குள் நினைவு தப்பிவிடும்.

மறுமொழி 2:
மேலே சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். பூட்டின் சாவி உள்ளே செல்பவரின் சட்டைப்பையில் இருக்க வேண்டும், அலுவலக மேசையில் அன்று. வேலை முடிந்து வால்வைத் திறக்க மறந்தால் ஷெல்டர் பாதுகாப்பற்றுப் போகும் என்ற அச்சம் நியாயமானதே. அதற்காகத்தான் வால்வு மூடியிருப்பதைப் பேனலில் காட்டும் சுவிட்சைப் பொருத்துகிறார்கள். வாயு பாயும்போது எழும் குளிர்ப்பனியில் கதவு கண்ணுக்குத் தெரியாது என்பதால், கையால் தடவியே வெளியேறும்படி வழியில் கருவிப்பெட்டி, ஏணி எதுவும் கிடக்கக் கூடாது. இவ்வாயு காற்றைவிடக் கனமானது. கேபிள் பள்ளத்தில் நெடுநேரம் தேங்கும். விழுந்தவரைத் தூக்க மூச்சுக்கருவி இல்லாமல் ஓடுபவர் இரண்டாவது ஆளாக விழுவார்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. இன்று நேரில் பார்த்தேன். வால்வில் பூட்டு மாட்டும் துளை இருக்கிறது, பெயிண்ட் அடித்து அடைத்துவிட்டார்கள். அதைவிடக் கவலை, கதவு உட்புறமாகத் திறக்கிறது.

மறுமொழி 2:
அப்படியானால் முதலில் கதவை மாற்றுங்கள். வெளிப்புறமாகத் திறந்து, உள்ளிருந்து உடம்பால் தள்ளினாலே தாழ் விடுபட வேண்டும். அதுவரை கதவைத் திறந்த நிலையில் கட்டி வைத்து, வெளியே ஓர் ஆளை நிறுத்தாமல் எவரையும் உள்ளே அனுப்பாதீர்கள்.